எட்டாவது ஆளுக்கான இடம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆறு மாடி அரசாங்கக் கட்டடம், அதற்கு ஒரே லிஃப்ட், லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் இவர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மேலே போய்க் கீழே வருவார், கீழே வந்து மேலே போவார். முப்பது வருஷமாக இவர் ஏறிய உயரத்தை எல்லாம் கூட்டினால் வானத்தையே தாண்டியிருக்கும், ஆனால் ஆறாம் மாடிக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. இதை நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

லிஃப்டுக்குள் ஒரு பித்தளைத் தகடு உண்டு. ஓட்டுகிறவர் போக எட்டுப் பேர் ஏறலாம், தலைக்கு அறுபத்தெட்டு கிலோ என்று அதில் வெட்டியிருக்கிறது. இவர் ஏழு பேரைத்தான் ஏற்றுவார். எட்டாவது ஆள் காலை உள்ளே வைத்தால் கையைக் குறுக்கே நீட்டுவார்.

"இடம் இல்லீங்க. அடுத்த தடவை வாங்க."

"எட்டுப் பேர்னு போட்டிருக்கே?"

"எட்டுப் பேர் ஆயிடுச்சுங்க."

ஏறியவர்கள் தலைகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஏழுதான் இருக்கும். பொத்தான் பலகைக்குப் பக்கத்து மூலையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் தரை இருக்கும். அங்கே யாரையும் நிற்கவிட மாட்டார். அது ஆண்டவருக்கு. அந்தக் கட்டடத்தில் இவருக்கு 'ஏழு பேர்' என்றே பெயர்.

சிரிக்காதீர்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார், ஒல்லியான மனுஷன், குரல் மட்டும் இடி. "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆண்டவரைப் பார்க்கிறீர்கள், பன்னிரண்டு மணிக்குக் கோவிலுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். அவர் என்ன பெஞ்சா, மேசையா? வேலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்" என்றார். எல்லாரும் அழுதோம். எல்லாரும் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பள்ளிக்கூட டீச்சர் கரும்பலகையின் மேல்மூலையில் தினமும் ஒரு சின்னச் சிலுவை போட்டார். தையல்காரர் ஒவ்வொரு தடவை ஊசியில் நூல் கோக்கும்போதும் "நாம ரெண்டு பேரும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டார். நான் அடுப்புப் பற்றவைக்கும்போது ஒரு வரி ஜெபம் பண்ணினேன். டீச்சருக்கு இரண்டு மாதத்தில் மறந்துபோனது, தையல்காரருக்கு ஒரு மாதம், எனக்கு மூன்று வாரம். என் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. அவருக்கு எதையும் அளந்து செய்துதான் பழக்கம். பிரசங்கியார் இடம் கொடுக்கச் சொன்னார், இவர் அறுபத்தெட்டு கிலோவுக்கு இடம் கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அதனால் எனக்கு நன்மையும் உண்டு. அதற்கு முன்னால் இவருக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். கையும் நீளும். என் இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "எந்தக் கதவு பாப்பா? காட்டு, கழட்டி வீசிட்டு வர்றேன்" என்றார் அண்ணன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இவர் என்னை அடிக்கவில்லை. கையை ஓங்குவார், பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் சட்டென்று திரும்பிப் பார்ப்பார், கை தானாக இறங்கிவிடும். அந்த மட்டும் போதும் என்று இருந்தேன். ஆகவே வீட்டிலிருந்த நான்கு நாற்காலிகளில் ஒன்றை ஆண்டவருக்கென்று ஒதுக்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. கோவில் பெஞ்சில் எனக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டபோதும் திறக்கவில்லை. தெருவில் நடக்கும்போதுகூட அதே இடைவெளிதான். எதிரே வருகிறவர்கள் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சபையில் இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 'பிரசன்ன ஐயா' என்று அங்கே ஒரு பட்டம். எந்நேரமும் ஆண்டவருடைய பிரசன்னத்தில், அவர் முன்னிலையிலேயே இருந்து பேசுகிறவராம். பேசுவார்தான். காலையில் முகம் கழுவும்போது பேசுவார், செருப்பு மாட்டும்போது பேசுவார், சாப்பிடும்போது அந்த வெறும் நாற்காலியைப் பார்த்து அன்றைக்கு லிஃப்டில் யார் வந்தார், யார் போனார் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். என்னிடம் பேசுவது மூன்று வார்த்தை: உப்பு, தண்ணி, போதும். மகளுக்கு இவர் மாப்பிள்ளை பார்த்திருக்கிற விஷயமே அவருடைய ஜெபத்தை ஒட்டுக்கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு நான்கு நாற்காலிக்கு நாங்கள் மூன்று பேர். அப்படித்தான் அவர் சொல்வார்.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்த ஒரே ஆள் என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்து, கட்டிக்கொடுத்தவர். அரசாங்க நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டும் வேலை, ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் வைத்துக் கட்டிக்கொடுப்பார். கையில் எப்போதும் பசை வாசனை அடிக்கும். அவரும் விசுவாசிதான், ஆனால் கடைசி பெஞ்ச் விசுவாசி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், வேண்டுமென்றே அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"மச்சான், அது ஆளிருக்கிற நாற்காலி."

"ஆண்டவர் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும் மாப்பிள்ளை. நான் குண்டன், அவருக்கு மனசு பெருசு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டார். அன்று அவர் சாப்பிடவே இல்லை. மறுநாள் அந்த நாற்காலியைத் துடைத்து வைத்தார். அன்றைக்குச் சிரித்ததை அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நானும் மறக்கவில்லை.

பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது என்றார் டாக்டர். மூன்றில் ஒன்றையும் அண்ணன் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான ஜன்னல் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கட்டடத்தில்தான், ஐந்தாம் மாடியில். மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். போன வருஷம் கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டு அண்ணன் கிளம்பினார். கூட வருகிறேன் என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எதுக்கு? மாப்பிள்ளை இருக்கார்ல, ஏத்திவிடுவார்" என்றாராம்.

நடந்ததை எனக்குச் சொன்னது அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா. கீழ்த்தளத்தில் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாராம். மணி பன்னிரண்டே முக்கால். லிஃப்டில் ஏழு பேர் ஏறிவிட்டார்கள். எட்டாவதாக அண்ணன் வந்து நின்றார். இவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இடம் இல்ல மச்சான். அடுத்த தடவை."

"என்ன மாப்பிள்ளை, மூலை காலியாத்தானே இருக்கு?"

"அது காலி இல்ல. உங்களுக்கே தெரியும்."

"நெஞ்சு சரியில்லாத ஆளுய்யா நான். ஒரே ஒரு தடவை ஆண்டவர் படியில வரட்டுமே. அவருக்கென்ன மூச்சா வாங்கும்?"

உள்ளே இருந்த ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். கூட்டுகிற அக்காவும் சிரித்தார். என் வீட்டுக்காரரின் முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்குமாம். கதவைச் சாத்தினார்.

அண்ணன் கொஞ்ச நேரம் கதவுக்கு மேலே இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த லிஃப்ட் மாடிக்கு மாடி நிற்கும். போய்த் திரும்பப் பத்து நிமிஷமாவது ஆகும். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "இவர் வர்றதுக்குள்ள அவன் ஜன்னலைச் சாத்திடுவான்" என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் போனார். "மெதுவா போங்கய்யா" என்றாராம் அந்த அக்கா. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் அண்ணன் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். நிரப்பிய படிவம் கையிலேயே இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான்காம் மாடியிலிருந்து அவரை லிஃப்டில் கீழே இறக்கினார்கள். தலைமாட்டில் மூன்று பேர், கால்மாட்டில் மூன்று பேர், விசிறிக்கொண்டு ஒருவர், கூட வந்த அதிகாரி ஒருவர், அண்ணன். மொத்தம் ஒன்பது. தகடு சொன்னதற்கும் மேலே ஒரு ஆள். அந்த மூலையில்தான் அண்ணனின் தலை இருந்ததாம். அப்போது மட்டும் இடம் இருந்திருக்கிறது பாருங்கள்!

அடக்கம் முடிந்து அண்ணி வீட்டுக்கு வந்தோம். கூட்டுகிற அக்கா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, நான் மேலே சொன்னதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். "நானும் சிரிச்சேம்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். உள்ளே வந்தால், அண்ணி என் வீட்டுக்காரர் முன்னால் நிற்கிறார். அண்ணி அதிகம் பேசாதவர். கண்ணீர்கூடச் சத்தமில்லாமல்தான் வரும்.

"அண்ணே, உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். லிஃப்ட்ல இடம் இருந்துச்சா?"

"நிறைஞ்சிருந்துச்சு தங்கச்சி."

அண்ணி தலையை ஆட்டினார். நான் கையில் டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். வீடு நிறைய ஆட்கள், இதுவா பேசுகிற நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். லிஃப்டில் கூட்டமா, லிஃப்டில் பழுதா, படியில் கைப்பிடி இருந்ததா என்று ஏதேதோ கேட்டார்களாம். அன்று மாலை இவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது நான் கேட்டேன்.

"எத்தனை பேர்னு சொன்னீங்க?"

"எட்டு."

"ஏழுதானே?"

"எட்டு."

"தலையை எண்ணிச் சொல்லுங்க. ஏழு தலையா, எட்டுத் தலையா?"

"விசுவாசம் இல்லாதவங்களுக்கு ஏழு" என்றார். சொல்லிவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பி, சாப்பிட உட்கார்ந்தார்.

அடப்பாவி மனுஷா! பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வேலை போய்விடும் என்று பயந்து சொன்னார் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். இந்த மனுஷன் பொய் சொல்வதற்கு ஆண்டவரைச் சாட்சிக்கு நிறுத்தினார். அதிகாரி 'எட்டுப் பேர், லிஃப்ட் நிறைந்திருந்தது' என்று எழுதிக்கொண்டார். கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இவர் அண்ணியிடம் போய், ஏழு பேர்தான் இருந்தோம், ஓர் ஆளுக்கு இடம் இருந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் கட்டினவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வேண்டாமா? பதினொரு மாதம் இதே சண்டை. காலையில் ஆரம்பிப்பேன், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து பிடிப்பேன். பிடித்த பிடியை விடவில்லை, அவரும் அசையவில்லை. லிஃப்டில் அப்போதும் ஏழு பேர்தான்.

நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏன் சொல்ல வேண்டும்? கதவைச் சாத்தியவர் அவர், அவர்தானே சொல்ல வேண்டும்? அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி கேட்டார், "அன்னைக்கு நடந்தது உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று. "நான் அங்க இல்லையே அண்ணி" என்றேன். பொய் இல்லையே அது. நான் அங்கே இல்லைதானே?

பதினோராம் மாதம் போதகர் வீட்டுக்கு வந்தார். சபையின் ஆண்டு விழாவில் பிரசன்ன ஐயா சாட்சி சொல்ல வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் ஆண்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்த அனுபவத்தை வாலிபர்கள் கேட்க வேண்டுமாம். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. போதகருக்கு டீ கொடுத்த கையோடு, "ஐயா, முழுசாச் சொல்லச் சொல்லுங்க, பாதி சொன்னா நல்லா இருக்காது" என்றேன். போதகர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை காலை, நான் அடுப்படியில் இருந்தேன். இவர் மேசையில் ஒரு தாளை வைத்து, சொல்லப்போவதை எழுதிப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கன்பான சகோதர சகோதரிகளே" என்று ஆரம்பிப்பார், நிறுத்துவார். மறுபடியும் ஆரம்பிப்பார். மூன்றாவது தடவை சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தாளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, மூணாவது வரிசையில மச்சானோட சம்சாரம் உக்காந்திருக்கும். நான் நின்னு பேசணும். ஒண்ணே ஒண்ணு சொல்லிடும். அன்னைக்கு நீர் உள்ளதானே இருந்தீர்?"

கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"தினமும் இருக்கீர். அது எனக்குத் தெரியும். அன்னைக்கு... கதவைச் சாத்தின பிறகு மூலையைப் பார்த்தேன். எனக்கு எதுவும் தோணல. வெறும் மூலையா இருந்துச்சு. அன்னையிலிருந்து வெறும் மூலையாத்தான் இருக்கு. இருந்தீர்தானே? ஒரு வார்த்தை சொல்லுமேன்."

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதும் என்னிடம் கேட்கவில்லை பாருங்கள், நாற்காலியிடம் கேட்கிறார். இத்தனை மாதமாக அந்தக் கேள்விக்குப் பதிலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நான் அடுத்த அறையில்தானே இருக்கிறேன்? எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, அடுப்பை அணைத்தேன், கையைத் துடைத்தேன், நேரே போய் அந்த நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தேன்.

"எழுந்திரு" என்றார்.

"மாட்டேன்."

"எழுந்திருன்னு சொல்றேன்!"

கை மேலே போனது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை மேலே போனால் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். அன்று பக்கத்தில் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அடிக்கட்டும், இன்னொரு தழும்பு வந்தால் வரட்டும் என்று நானும் கண்ணை மூடவில்லை.

"உள்ள இல்ல" என்றேன். "நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன். உள்ள இல்ல. படியில இருந்தார். எங்கண்ணன் சொன்னாரே, ஒரு தடவை ஆண்டவர் படியில வரட்டும்னு. அண்ணன் கூடவே ஏறிப் போயிட்டார். நீங்க ஏழு பேரை ஏத்திக்கிட்டு, ஒரு மூலையைக் காவல் காத்துக்கிட்டுப் போனீங்க."

கை இறங்கிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். "அன்னைக்கு இந்த வீட்ல நீ சிரிச்ச மாதிரியே சிரிச்சாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. மச்சான் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தணும்னு இருந்துச்சு, சாத்தினேன். ஆண்டவருக்காகச் சாத்தல. அவரை அந்நேரம் நினைக்கவே இல்ல."

இதைச் சொல்ல இந்த மனுஷனுக்குப் பதினொரு மாதம் ஆனது. ஆனால் இரக்கப்பட்டு விட்டுவிடுகிற மனசு எனக்கு இல்லை. "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சட்டையை மாட்டுங்க" என்றேன். மாட்டினார்.

அண்ணி வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தே போனோம். நான் நிமிர்ந்து நடந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அவர் பழக்கதோஷத்தில் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டே வந்தார். அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அண்ணி கதவைத் திறந்தார். அண்ணன் கட்டிக்கொண்டிருந்த புத்தகம் ஒன்று ஜன்னலோரம் பாரம் வைத்தபடியே இருந்தது. ஒரு வருஷமாக அதை யாரும் எடுக்கவில்லை. அறையில் இன்னும் பசை வாசனை அடித்தது. உட்காருங்கள் என்று அண்ணி சொல்வதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். நின்றபடியே, லிஃப்டில் சொல்வதுபோல் நேராகப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, ஏழு பேர்தான் இருந்தாங்க. ஒரு ஆளுக்கு இடம் இருந்துச்சு. மச்சான் கிண்டல் பண்ணினார்னு கோவத்துல கதவைச் சாத்திட்டேன். விசாரணையிலயும் பொய் சொன்னேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

அண்ணி அழவில்லை. கத்தவும் இல்லை.

"தெரியும்ணே" என்றார். "எட்டாம் நாளே கூட்டுற அக்கா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அவங்களும் சிரிச்சாங்களாம், அதைக்கூட மறைக்கல. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன். இன்னைக்காவது வந்து சொன்னீங்களே."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடக்கத்து அன்னைக்கே உன்கிட்ட சொல்லிட்டதாவும் அவங்க சொன்னாங்க. அதான் கோவில் வாசல்ல உன்னைக் கேட்டேன். அவர் செஞ்சவர், அவருக்குச் சொல்ல நாக்கு வராது. நீ என் வீட்டுக்காரரோட தங்கச்சி. தூக்கி வளர்த்த பொண்ணு. நீயாவது சொல்லுவேன்னு பதினோரு மாசமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் பக்கத்துல வந்து நின்னேன். நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன், நீ அங்க இல்லைன்னு சொன்னே."

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை. ஊருக்கே கேட்கிற வாய் எனக்கு, அன்றைக்கு அது எங்கே போனதோ தெரியவில்லை. எத்தனையோ சொல்லலாம், செய்தவர் சொல்லட்டும் என்று இருந்தேன், உங்கள் மனசு நோகக் கூடாது என்று இருந்தேன் என்று. அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வேகமாகக்கூடச் சாத்தவில்லை.

மறுநாள் இவர் சாட்சி சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று போதகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து லிஃப்டில் எட்டுப் பேரை ஏற்றுகிறாராம். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அண்ணி வீட்டிலிருந்து திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் நடந்துகொண்டே ஒருமுறை நின்று, தனக்கும் எனக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நெருங்கி, முதல் தடவையாக, என் பக்கத்தில் வந்து நடக்கப் பார்த்தார். நான் விலகி நடந்தேன். அந்த இடத்தில் ஆண்டவர் வருகிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அப்படி அவர் வந்தால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நடப்பது?